காட்டில் விழுந்த விமானம், வீட்டில் இருக்கும் தகடு

வணக்கம். போர்க்காலப் பொருள்களைச் சேகரிப்பவன் நான். இரண்டாம் உலகப் போரில் மலேசியாவின் ஜொகூர்க் காட்டில் விழுந்ததாகச் சொல்லப்படும் விமானம் ஒன்றின் சிதைவுகளைப் பார்க்க நண்பர்களுடன் சென்றபோது, கையகல அலுமினியத் துண்டு ஒன்றையும் எண் பொறித்த சிறு தகடு ஒன்றையும் எடுத்துவந்தேன். அங்கேயே விட்டிருந்தால் பழைய இரும்பு வியாபாரிகள் அள்ளிச் சென்றிருப்பார்கள். இத்தகைய சேகரிப்பை நீங்கள் ஒரு கட்டுரையில் கண்டித்திருந்தீர்கள். நான் செய்ததில் என்ன தவறு? அவற்றைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடலாமா?

ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

அலுமினியத் துண்டைவிட அந்தத் தகடுதான் எனக்குக் கவலை தருகிறது. விமானத்தின் மேல் வண்ணத்தில் எழுதிய எண்கள் எண்பது ஆண்டு மழையில் அழிந்துவிடும். இயந்திரத்திலும் துப்பாக்கியிலும் தகடுகளிலும் பொறித்தவையே மிஞ்சும். 1943 முதல் அமெரிக்க இராணுவ விமானப் படை, திரும்பி வராத விமானங்களுக்குத் தனித்தனியே அறிக்கை தயாரித்தது. குழுவினரின் பெயர்களோடு, இயந்திரங்களின் வரிசை எண்களையும் இயந்திரத் துப்பாக்கிகளின் வரிசை எண்களையும் அதில் குறித்துவைத்தார்கள். காட்டில் கிடைக்கும் ஓர் எண்ணை அந்த அறிக்கைகளோடு ஒப்பிட்டு, விழுந்தது இன்ன விமானம், அதில் பறந்தவர்கள் இன்னின்னார் என்று சொல்லிவிட முடிவது அதனால்தான். 1944 நவம்பர் 5ஆம் தேதி சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தைத் தாக்க இந்தியாவிலிருந்து பி-29 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. 1945 மார்ச் வரை தாக்குதல்கள் தொடர்ந்தன, சில விமானங்கள் திரும்பவில்லை. நீங்கள் பார்த்தது அவற்றுள் ஒன்றாகவும் இருக்கலாம், 1942இல் வீழ்ந்த பிரிட்டிஷ் அல்லது ஜப்பானிய விமானமாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்க உதவக்கூடிய எண் இப்போது ஈசூனில் இருக்கிறது, சிதைவு ஜொகூரில் கிடக்கிறது. இரண்டையும் இணைப்பது உங்கள் நினைவு மட்டுமே.

அந்தப் போரில் காணாமற்போன அமெரிக்கர்களில் சுமார் 72,000 பேரின் கதி இன்னும் தெரியவில்லை. நம் கிராஞ்சி நினைவுச்சின்னத்தில், கல்லறை அறியப்படாத காமன்வெல்த் தரைப்படை, விமானப்படை வீரர்கள் 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியப் படையினரின் பெயர்களும் ஏராளம். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களிலும் பலர் அவற்றை ஒருமுறைகூடப் போய்ப் படித்ததில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு யாரை அடையாளம் காணப்போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். 1945 ஆகஸ்ட் 23 அன்று, அதாவது ஜப்பான் சரணடைவதாக அறிவித்து எட்டு நாள் கழித்து, ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்குப் பொருள் போடச் சென்ற கேஎல்654 என்ற பிரிட்டிஷ் லிபரேட்டர் விமானம் நெகிரி செம்பிலான் காட்டு மலையில் மோதியது. அதில் இருந்த எட்டுப் பேரும் 2012இல் கோலாலம்பூர் செராஸ் சாலை இராணுவக் கல்லறையில் உரிய மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்கள். அதற்குள் 67 ஆண்டுகள் கடந்துவிட்டன.

இரும்பு வியாபாரிகளைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. 1941 டிசம்பர் 10ஆம் தேதி குவாந்தானுக்கு அப்பால் 840 பேரோடு மூழ்கிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ஆகிய போர்க்கப்பல்களையே உலோகத்துக்காக உடைத்து அள்ளியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வருவதற்குமுன் இடத்தைப் படமெடுத்து, எண்களைக் குறித்துக்கொண்டு, அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதுதான் காப்பாற்றும் வழி. எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லாமல் பேழையில் இருக்கும் துண்டு, அதில் இறந்தவரின் குடும்பத்துக்கு எந்தச் செய்தியையும் சொல்லாது.

ஆபத்தையும் மறக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா சாலைக் கட்டுமானத் தளத்தில் கிடைத்த 100 கிலோ போர்க்கால வெடிகுண்டுக்காக 4,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்ற வேண்டியிருந்தது. விபத்து நடந்த இடங்களிலும் வெடிக்காத குண்டுகளும் தோட்டாக்களும் கிடக்கலாம். பழைய விமான மீட்டர்களின் ஒளிரும் எழுத்துகளில் கதிர்வீச்சு வெளியிடும் ரேடியம் இருக்கலாம். அதன் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும்.

திரும்பக் கொண்டுபோய் வைக்காதீர்கள். தவறான இடத்தில் வைத்தால் குழப்பம் கூடும். தகட்டைத் துலக்காதீர்கள், தேய்க்காதீர்கள். இரு பக்கத்தையும் அளவுகோலோடு படமெடுத்து, போன நாளையும் வழியையும் சுற்றிலும் கண்டவற்றையும் நினைவிருக்கும்போதே எழுதிவையுங்கள். கைப்பேசிப் படங்களில் இடக்குறிப்பு பதிவாகியிருக்கக்கூடும் என்பதால் நண்பர்களிடமும் அவற்றை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் உள்ளதால், அந்நாட்டின் தேசிய மரபுடைமைத் துறைக்கு முதலில் எழுதி, எடுத்துவந்ததையும் ஒளிக்காமல் தெரிவியுங்கள். எண்ணின் வடிவத்தை வைத்து விமானம் எந்த நாட்டுடையது என்று தெரிந்தால் அந்த நாட்டின் தற்காப்பு அமைச்சுக்கும் எழுதலாம். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் தகட்டின் படத்தை எனக்கு அனுப்புங்கள்.