வலது கை பேனர் ஏன் எடுபடவில்லை

சார், உங்கள் குன்னூர் நகைக்கடையில், வேலைக்குப் போகும் பெண்களே தங்களுக்கு வைர மோதிரம் வாங்கட்டும் என்று 'வலது கை உங்களுக்காக' பேனர் வைத்தும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை என்கிறீர்கள். அது வைர நிறுவனமான டி பியர்ஸ் 2003-இல் அமெரிக்காவில் ஓட்டிய விளம்பரத்தின் சாயல். அங்கே இடது கை மோதிரம் கல்யாணத்துக்கானது, அதனால் வலது கை தனக்கு என்றதும் சட்டெனப் புரிந்தது. தாலியும் மெட்டியும் இருக்கிற நம் ஊரில் எந்தக் கை என்று யார் பார்க்கிறார்கள்?

பேனரை எடுத்துவிடுங்கள். டீச்சரோ நர்ஸோ கேட்கப்போவது, வைரம் எனக்கு ஒத்துக்குமா, திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு வரும், இவ்வளவுதான். முதலாவதுக்கு வாதம் வேண்டாம், சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள் (பாதிப் பேர் ஜோசியரைக் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள், வரட்டும்). இரண்டாவதுக்கு, தங்கத்தின் எடை, கல்லின் எடை (கேரட்), செய்கூலி எல்லாம் பில்லில் தனித்தனியாக இருக்கட்டும், எந்தக் கணக்கில் திரும்ப எடுப்பீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஹால்மார்க் தங்கத்துக்குத்தான், கல்லுக்குத் தனிச் சான்றிதழ் என்பதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் நம்ம குளிர். ஸ்வெட்டரில் சிக்குகிற மாதிரி கல் உயர்ந்து நிற்கிற கட்டு வேண்டாம், கல்லைச் சுற்றித் தங்கம் மூடிய தாழ்வான கட்டு வையுங்கள். காலைக் குளிரில் விரல் சுருங்கும், அளவை மத்தியானம் எடுங்கள். கணவரோடு வந்தாலும் விலையை அவரைப் பார்த்துச் சொல்லாதீர்கள், பணம் கட்டப்போகிறவரிடம் சொல்லுங்கள்.