இரண்டு சமன்பாடு இருந்தாலே போதுமா? ஜிமேட் டேட்டா சஃபிஷியன்ஸி சந்தேகங்கள்

ஜிமேட் என்பது எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு. அதில் டேட்டா சஃபிஷியன்ஸி வகையில் ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் இருக்கும், விடை காண அந்தத் தகவல் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் கூற்று மட்டுமே போதும் என்றால் ஏ, இரண்டாவது மட்டுமே போதும் என்றால் பி, இரண்டும் சேர்ந்தால்தான் போதும் என்றால் சி, தனித்தனியாக ஒவ்வொன்றும் போதும் என்றால் டி, சேர்ந்தாலும் போதாது என்றால் இ. இதுபற்றி வந்த சந்தேகங்களில் அல்ஜீப்ராவை ஒட்டியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: இரண்டு மாறிகள், இரண்டு சமன்பாடுகள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சி போடலாமா?

பதில்: கூடாது. முதல் கூற்று 2எக்ஸ் + 3ஒய் = 12, அடுத்தது 4எக்ஸ் + 6ஒய் = 24 என்றால் ஒரே சமன்பாடுதான் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது, எக்ஸ் எவ்வளவு என்று கேட்டால் விடை இ. இதைப் பலரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது எதிர்ப்பக்கத்தில்தான். கேட்பது எக்ஸ் + ஒய் மட்டும் என்றால் 3எக்ஸ் + 3ஒய் = 21 என்ற ஒன்றே போதும், தனித்தனி மதிப்பு யாருக்கு வேண்டும்? அப்புறம் எக்ஸும் ஒய்யும் ஆட்களின் எண்ணிக்கை, டிக்கெட் எண்ணிக்கை என்று வந்தால் முழு எண் என்ற நிபந்தனை சொல்லாமலே ஒளிந்திருக்கும். 3எக்ஸ் + 5ஒய் = 19 என்பதில் ஒய்க்கு 0, 1, 2, 3 என்று போட்டுப் பாருங்கள், 2 மட்டும்தான் ஒத்துவரும், எக்ஸ் 3. ஒரே சமன்பாட்டில் வேலை முடிந்தது, சி போட்டவருக்கு மதிப்பெண் போச்சு.

கேள்வி: "எக்ஸ் 5-ஐ விடப் பெரியதா?" என்ற கேள்விக்கு, எக்ஸின் வர்க்கம் 9 என்ற கூற்று போதும் என்கிறார்கள். 3, -3 என இரண்டு மதிப்பு வருகிறதே?

பதில்: வரட்டும். இரண்டுக்கும் பதில் "இல்லை" தானே? எப்போதும் "இல்லை" என்று வந்தாலும் அது உறுதியான பதில், தகவல் போதும். ஒரு மதிப்புக்கு ஆமாம், இன்னொன்றுக்கு இல்லை என்று வந்தால்தான் போதாது. பயிற்சியின் முதல் வாரத்தில் எல்லோருக்கும் வருகிற குழப்பம் இது.

கேள்வி: எக்ஸ்/ஒய் > 1 என்றால் எக்ஸ் > ஒய் தானே?

பதில்: ஒய் மிகை எண் என்று யார் சொன்னது? எக்ஸ் -4, ஒய் -2 என்று வையுங்கள். வகுத்தால் 2, ஆனால் -4 தான் சிறியது. குறி தெரியாத மாறியால் அசமன்பாட்டைப் பெருக்கவே பெருக்காதீர்கள். எக்ஸ் × ஒய் = 3 × எக்ஸ் என்பதில் எக்ஸை அடித்துவிட்டு ஒய் 3 என்று எழுதுவதும் இதே ரகம்தான், எக்ஸ் 0 ஆக இருந்தால் ஒய் எதுவாகவும் இருக்கலாம்.

கேள்வி: நேரம் போதவில்லை. ஏதாவது குறுக்குவழி?

பதில்: இப்போது இவை டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் வருகின்றன, அங்கே 45 நிமிடத்தில் 20 கேள்விகள், சராசரியாக ஒன்றுக்கு இரண்டே கால் நிமிடம். குறுக்குவழி என்றால், எளிதாகத் தெரிகிற கூற்றிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டாவது எளிது, அது மட்டுமே போதும் என்றால் பி அல்லது டி, போதாது என்றால் ஏ, சி, இ. பிறகு மற்றதைப் பார்க்கும்போது இதை மனதிலிருந்து சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். இன்னொன்று, இரண்டு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்படவே முரண்படாது. ஒன்றில் எக்ஸ் 4, மற்றதில் 5 என்று வந்தால் கணக்கில் எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள், திரும்பப் போய்ப் பாருங்கள்.