முதலில் டிக்கி அளவைச் சொல்லுங்கள்: சப்வூஃபர் கேள்வி பதில்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் கார் ஆடியோ பொருத்துகிற வேலையில் 18 வருடமாக இருக்கிறேன். பெரிய பவர் சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கென்றே இருக்கிற ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) வாங்கப் போகிறவர்கள் கேட்டதற்குக் கீழே பதில். வண்டி எது, டிக்கியில் எவ்வளவு இடம் விடுவீர்கள் என்று சொல்லாமல் "எதுண்ணா பெஸ்ட்" என்று மட்டும் கேட்டவர்களை விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வேளச்சேரி, ஸ்விஃப்ட்: அண்ணா, ஒரு 12 இஞ்ச் சப்பில் 1800 வாட் என்று போட்டிருக்கிறது, விலை ஆறாயிரம். இன்னொன்று 500 வாட்தான், பதினெட்டாயிரம் சொல்கிறார்கள். கடைக்காரர் 1800ஐ எடுக்கச் சொல்கிறார்.

தம்பி, அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு சைஸ் எழுத்தில் ஆர்எம்எஸ் என்று ஓர் எண் இருக்கும். தொடர்ந்து தாங்குகிற பவர் அதுதான். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது பீக், கண் இமைக்கும் நேரத்துக்குக்கூட உத்தரவாதமில்லாத கணக்கு. ஆர்எம்எஸ் என்ற வார்த்தையே பெட்டியில் இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, உண்மையான வாட்டாகவே இருந்தாலும் பவரை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு "கொஞ்சம் ஏறியிருக்கிறது" என்று தெரியும், அவ்வளவே. சென்சிட்டிவிட்டி (அதே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்) 3 டெசிபல் அதிகமான சப்பை எடுத்தால் அதே பலன் ஆம்புக்கு, அதாவது சப்புக்குப் பவர் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயருக்கு, கூடுதல் காசில்லாமல் கிடைக்கும். ஆம்ப் வாங்கும்போது சிடிஏ 2006 முறைப்படி அளந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். 14.4 வோல்ட்டில், 4 ஓமில், டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) 1 சதவீதத்தைத் தாண்டாமல் அளக்கிற முறை அது, அதில் புளுக முடியாது.

பெரம்பூர், ஹேட்ச்பேக்: 1000 வாட் ஆர்எம்எஸ் மோனோ ஆம்ப் எடுக்கப் போகிறேன். பெரிய பேட்டரி போட்டால் போதும்தானே?

போதாது சார். கணக்குப் போடுவோம். கிளாஸ் டி ஆம்ப் (பவரைச் சூடாக அதிகம் வீணாக்காத வகை) 80 சதவீதம் திறமையானது என்று வைத்துக்கொண்டால் 1000 வாட் வெளியே வர 1250 வாட் உள்ளே போக வேண்டும், 13.8 வோல்ட்டில் அது 90 ஆம்பியர். சின்ன ஹேட்ச்பேக்கின் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிப்பது) மொத்தமாகக் கொடுப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். அதிலேயே ஏசி புளோயர், ஹெட்லைட், நவம்பர் மழை என்றால் வைப்பர் எல்லாம் ஓட வேண்டும். பாட்டு முழுக்க முழு பவரில் ஓடாது, சராசரி நன்றாகவே குறையும், அதனால்தான் பலர் வண்டி தப்பிக்கிறது. ஆனால் நீளமான பேஸ் வந்து, ஹெட்லைட் அதற்கேற்ப மங்கி மங்கி எரிந்தால் கரண்ட் போதவில்லை என்று அர்த்தம். மோட்டார் ஏற்றாத தண்ணீரை மாடியில் டேங்கைப் பெரிதாக்கிக் கொண்டு வர முடியுமா? பேட்டரியும் அந்த டேங்க்தான். ஆல்டர்னேட்டரை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் 500 வாட்டில் நில்லுங்கள்.

அப்புறம் ஒயர். 500 வாட்டுக்கு 4 கேஜ் தாராளம், 1000 என்றால் 1/0 (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும்). ஆனால் செம்புதானா என்று பார்த்து வாங்குங்கள். போன மாதம் ஒருவர் "பூஜ்யம் கேஜ்" என்று ஒரு சுருள் கொண்டுவந்தார், விரல் தடிமன் இருந்தது. மேல் உறையைச் சீவினேன், சீவினேன், பிளாஸ்டிக்தான் வருகிறது, கடைசியில் உள்ளே பென்சில் அளவுக்கு ஒரு கற்றை. ஓர் இழையை பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தது, செம்பு முலாம் பூசிய அலுமினியம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும், இதில் மட்டும் என்னிடம் பேரம் பேசாதீர்கள். பியூஸ் இல்லாத ஒயர் பாடியில் உரசினால் வண்டி எரியும்.

அம்பத்தூர்: டூயல் 4 ஓமா, டூயல் 2 ஓமா? எது பவர் ஜாஸ்தி?

டூயல் என்றால் ஒரே சப்பில் இரண்டு காயில், ஓம் என்பது ஒவ்வொரு காயிலின் மின்தடை. பவரில் இரண்டும் ஒன்றுதான், ஆம்புக்கு எது பொருந்துகிறதோ அது. ஒரே சப் என்றால் டூயல் 4ஐ 2 ஓமாகவோ 8 ஓமாகவோ கட்டலாம், டூயல் 2ஐ 1 ஓமாகவோ 4 ஓமாகவோ கட்டலாம். இரண்டு டூயல் 4 சப்பை முழுக்க பேரலலில் கட்டினால் 1 ஓம். நம் ஊர் வெயிலில் டிக்கிக்குள் இருக்கிற ஆம்புக்கு 1 ஓம் கொஞ்சம் கொடுமை, நான் முடிந்தவரை 2 ஓமில்தான் ஓட்டுவேன்.

தாம்பரம், செடான்: சீல்டு பாக்ஸா, போர்ட்டட் பாக்ஸா? பின்சீட் மடங்காது.

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். 12 இஞ்ச் சப்புக்கு சீல்டு (முழுக்க மூடிய பெட்டி) என்றால் சுமார் 1 முதல் 1.25 கன அடி, அதாவது 28 முதல் 35 லிட்டர். போர்ட்டட் (காற்று போய்வர போர்ட் என்ற திறப்பு வைத்த பெட்டி) என்றால் 2 கன அடி, 57 லிட்டர். இது உள்ளளவு, பலகை தடிமன், போர்ட், சப்பின் மேக்னட் எல்லாம் சேர்ந்தால் வெளியளவு இன்னும் வளரும். தவிலில் தொப்பிப் பக்கத்து அடி, பறை, இதெல்லாம் விழுந்ததும் சட்டென்று நிற்க வேண்டும் என்பவர்களுக்கு சீல்டு. கானாவும் எலக்ட்ரானிக் பாட்டும் கேட்டு சட்டை நடுங்க வேண்டும் என்றால் போர்ட்டட், குறைந்த பவரில் அதிகச் சத்தம் தரும். ஆனால் 33 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த பெட்டியில் அதற்குக் கீழே கோனுக்குப் பின்னால் காற்றின் பிடி போய்விடும், வரைமுறையில்லாமல் ஆடும், ஆகவே அந்த அடிமட்ட ஒலியை வெட்டுகிற சப்சோனிக் ஃபில்டர் கட்டாயம். உங்கள் செடானில் டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவில் தகடு இருப்பதால் பேஸ் உள்ளேயே சுற்றும், நம்பர் பிளேட் பாட்டுப் பாடும். ஹேட்ச்பேக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். உங்களுக்கு என் ஓட்டு போர்ட்டட், நடு ஆர்ம்ரெஸ்ட்டுக்குப் பின்னால் திறப்பு இருந்தால் போர்ட்டை அதன் பக்கம் திருப்பி வையுங்கள்.

அண்ணா நகர்: ஒரு 15 இஞ்சா, இரண்டு 12 இஞ்சா?

மேடம், 15 இஞ்ச் கோனின் பரப்பு சுமார் 800 சதுர செ.மீ., 12 இஞ்ச் ஒன்று 500க்குக் கொஞ்சம் கீழே. இரண்டு 12 ஜெயிக்கும், பெட்டிக்கு இடம் இருந்தால். பெட்டி எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் டிக்கி ரப்பர் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு மழைக்காலத்தில் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும்.

திருவான்மியூர்: சப் 500 வாட், ஆம்பும் 500 வாட். ஒரே மாதத்தில் கருகிய வாடை, இப்போது சத்தமே இல்லை.

ஃபேன் காயில் கருகினால் வரும் அதே வாடைதானே? வாய்ஸ் காயில் போயிருக்கிறது. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 4 ஓம் காயில் மூன்றரைக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பொருத்தம் சரி, கெய்ன்தான் (வருகிற சிக்னலை எவ்வளவு பெரிதாக்குவது என்று ஆம்பில் வைக்கிற திருகு) தப்பு. கெய்னையும் பேஸ் பூஸ்ட்டையும் முழுக்கத் திருகிவிட்டால் ஆம்ப் கிளிப் ஆகும், ஒலி அலையின் தலை தட்டையாகிச் சதுரமாகும், அப்போது 500 வாட் ஆம்ப் ஆயிரம் வாட் வரை தள்ளும். சூடேறச் சூடேறக் காயிலின் ஓமும் ஏறும், 100 டிகிரி கூடினால் செம்பில் 40 சதவீதம் வரை, அதனால் சத்தம் குறையும், "என்னடா குறையுது" என்று நீங்கள் வால்யூமை இன்னும் ஏற்றியிருப்பீர்கள். அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள்: சப் ஒயரைக் கழற்றி, பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, ஹெட் யூனிட்டை (டாஷ்போர்டில் இருக்கிற ஸ்டீரியோ) முக்கால் வால்யூமில் விட்டு, 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஆம்பில் சப் ஒயர் மாட்டுகிற முனைகளில் வோல்ட் பாருங்கள். 500 வாட், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட் வரும்போது கெய்னை நிறுத்துங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எந்த ஆம்புக்கும் இந்த எண் கிடைக்கும்.

போரூர்: வீட்டில் தெரியாமல் பெரிய சப் பொருத்த முடியுமா?

டிக்கியையே திறக்காத வீடாக இருந்தால் முடியும். இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் போகிற 8 இஞ்ச் ஆக்டிவ் சப்பை (ஆம்ப் உள்ளேயே இருப்பது) எடுங்கள், சட்டை நடுங்காது, ஆனால் மளிகைப் பை வைக்க இடம் மிச்சமிருக்கும்.