வாசகர் கேள்வி – பதில்: தாயின் தொழில் என்ன?

கேள்வி: ஐந்து மா (ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல்) நிலத்தில் குறுவை, தாளடி என இரண்டு போகம் நெல் செய்கிறோம். நாற்றுப் பறிப்பதிலிருந்து அறுவடை வரை ஆளோடு ஆளாக நானும் வயலில் நிற்கிறேன். இரண்டு பசுக்களும், பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரும் என் பொறுப்பு. கல்லூரி விண்ணப்பத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் என் மகன் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருக்கிறான். அது சரியா? (மன்னார்குடி வட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: சரியில்லை, அம்மா. ஆனால் பையனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் எழுதுவதைத்தான் அவனும் எழுதியிருக்கிறான். அடுத்த படிவத்தில் ‘விவசாயம்’ என்று எழுதச் சொல்லுங்கள். பட்டா கணவர் பெயரில் இருப்பது அதற்குத் தடையாகாது. 2007-ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை, நிலம் உடையவரை மட்டுமல்லாமல் குத்தகைதாரரையும் விவசாயக் கூலிகளையும்கூட விவசாயி என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. குடும்ப நிலத்தில் கூலியின்றிச் செய்யும் வேலையையும் வேலையாகவே கருத வேண்டும் என்று 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கேள்வியிலேயே குறிப்பிடப்பட்டது. ஆனால் கணக்கெடுக்க வந்தவர் திண்ணையோரம் நின்று கேட்கும்போது, வீட்டு ஆண்பிள்ளை “அது வீட்டிலே சும்மாதான் இருக்குது” என்று சொல்லிவிட்டால், அந்தக் குறிப்பால் என்ன பயன்?

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், பெண் விவசாயிகளுக்குச் சான்றிதழ் வழங்க வகைசெய்யும் தனிநபர் மசோதா ஒன்றை 2012-இல் மாநிலங்களவையில் கொண்டுவந்தார். அது நிறைவேறாமலே மறு ஆண்டு காலாவதியாகிவிட்டது. நிறைவேறியிருந்தால் உங்களுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

என் தாயார் விடியுமுன் நாற்றங்காலில் இறங்கி, பறித்த நாற்றின் வேர்ச்சேற்றைக் காலில் தட்டி உதறி, நாற்று முடிகளாகக் கட்டிப் போடுவார். இரவில் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசிக்கொள்வார். அவருடைய குடும்ப அட்டையிலும் தொழில் என்று ஒன்றும் இருந்ததில்லை.

கேள்வி: பால் ஊற்றிச் சேர்த்த என் பணமும் சேர்ந்து வாங்கிய மனை, கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது. எனக்கு அதில் பங்கு உண்டா? (அதே வாசகி)

பதில்: வாதாட இடமுண்டு. கணவர் சவுதி அரேபியாவில் சம்பாதிக்க, மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட ஒரு வழக்கில், சொத்துச் சேர்ந்ததில் மனைவியின் வீட்டு உழைப்புக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இதை நேரடியாகச் சொல்லும் சட்டப் பிரிவு இன்னும் இல்லை என்பதால், தீர்ப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பால் சொசைட்டியின் பாஸ்புக்கைப் பத்திரமாக வையுங்கள். இனி எது வாங்கினாலும் இருவர் பெயரிலும் பத்திரம் பதியச் சொல்லுங்கள். சண்டைக்காக அல்ல, கணக்குக்காக என்று சொன்னால் கணவரும் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: மாமியாருக்கு முதுகில் புண் வரத் தொடங்கியிருக்கிறது. நடவு நாட்களில் என்ன செய்வது?

பதில்: புண்ணை உடனே மருத்துவரிடமோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ காட்டுங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், விரிப்பில் ஈரமோ சுருக்கமோ இருக்கக் கூடாது. வரப்பிலிருந்து ஒவ்வொரு முறையும் நீங்களே ஓடிவருவது நடக்காத காரியம். கல்லூரி திறக்கும்வரை பகல் முறை மகனுடையது, இரவில் ஒரு முறை கணவருடையது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். படுத்திருப்பவர் அவருடைய அம்மா.