சாவி போனால் போகட்டும், பத்திரம் யார் பெயரில்?

கேள்வி: மூக்கையூர்ப் பக்கம் எங்கள் ஊர். என் கணவர் பனை ஏறுகிறார். நான் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மதுரையைச் சேர்ந்த ஒருவர் 18,000 ரூபாய் பெற்றுக்கொண்டு வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் எங்களுக்கு ஒரு வலைத்தளம் அமைத்துக் கொடுத்தார். வெளியூர் ஆர்டர்கள் பெரும்பாலும் அதன் வழியாகவே வருகின்றன. இப்போது விலையை மாற்றுவதற்காக உள்ளே நுழைய முயன்றால் கடவுச்சொல் தவறு என்கிறது. கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகத் தெரிவித்தால், அதை மாற்றுவதற்கான இணைப்பு அவருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது. அவருடைய கைப்பேசி எண்ணும் உபயோகத்தில் இல்லை. ராமநாதபுரத்தில் ஒருவர் 6,000 ரூபாய் கொடுத்தால் திறந்து தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் பழையதை விட்டுவிடுங்கள், 25,000 ரூபாயில் புதிதாகச் செய்யலாம் என்கிறார். யாரிடம் போவது?
— வாசகி, சாயல்குடி வட்டாரம்

பதில்: இருவரிடமும் இன்றைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். உங்களுக்குத் தொலைந்திருப்பது வெறும் சாவியா, அல்லது வீட்டுப் பத்திரமே இன்னொருவர் பெயரில் இருக்கிறதா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சாவி மட்டும் என்றால் அரை மணி நேர வேலை. பத்திரம் என்றால் 6,000 ரூபாய் கொடுத்தாலும் யாராலும் முறையாகத் திறந்து தர இயலாது.

வலைத்தளத்துக்கு மூன்று உரிமைகள் தனித்தனியாக இருக்கின்றன. தளத்தின் பெயரான டொமைன் ஒன்று; தளம் குடியிருக்கும் இடத்துக்கு ஆண்டு வாடகை செலுத்தும் ஹோஸ்டிங் கணக்கு ஒன்று; வேர்ட்பிரஸின் நிர்வாகி கணக்கு மூன்றாவது. முதல் இரண்டும் பத்திரம், மூன்றாவது சாவி. இவற்றில் நிர்வாகி கணக்கே மிகச் சிறியது, ஏனென்றால் ஹோஸ்டிங் கணக்கு கையில் இருப்பவர் அதை எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம். ஆகவே கடந்த மூன்று ஆண்டுகளின் வங்கிக் குறுஞ்செய்திகளையும், ஜிபே பட்டியலையும், உங்கள் மின்னஞ்சலையும், உங்கள் கணவருடைய மின்னஞ்சலையும் துழாவிப் பாருங்கள். ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றிடமிருந்து பற்றுச்சீட்டோ புதுப்பித்தல் நினைவூட்டலோ உங்கள் முகவரிக்கு வந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. எதுவும் இல்லையென்றால், ஹூயிஸ் என்னும் பொதுத் தேடலில் தளத்தின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். டொமைனைப் பதிவு செய்து தந்த பதிவாளர் நிறுவனம் எது, பதிவு எந்தத் தேதியில் முடிகிறது என்பவை தெரியவரும். உரிமையாளரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும்.

ஹோஸ்டிங் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை நீங்களே மாற்றி உள்ளே செல்லுங்கள். பல நிறுவனங்களின் கட்டுப்பாட்டுப் பலகையில் வேர்ட்பிரஸை நிர்வகிக்கும் பகுதி ஒன்று இருக்கும். அதிலிருந்தே கடவுச்சொல் இல்லாமல் நிர்வாகியாக நுழைய முடியும். அப்படி இல்லாவிட்டால் பி.எச்.பி.மை.அட்மின் என்ற தரவுத்தளக் கருவியைத் திறக்க வேண்டும். திறந்ததும் முதல் வேலையாக ‘எக்ஸ்போர்ட்’ வழியாக முழுத் தரவுத்தளத்துக்கும் ஒரு நகல் எடுத்து உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. தரவுத்தளங்கள் பல இருந்தால், தளத்தின் கோப்புகளில் உள்ள டபிள்யூ.பி. கான்ஃபிக் என்ற கோப்பு உங்களுடையது எது என்பதைச் சொல்லும். அந்தத் தரவுத்தளத்துக்குள் ‘யூசர்ஸ்’ என்று பெயர் முடியும் அட்டவணையில் நிர்வாகியின் வரிசை இருக்கும். அந்த வரிசையில் மின்னஞ்சல் கட்டத்தில் இருக்கும் அவருடைய முகவரியை நீக்கி உங்கள் முகவரியை எழுதிச் சேமித்துவிட்டு, மீண்டும் நுழைவுப் பக்கத்துக்கு வந்து கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகத் தெரிவித்தால், இணைப்பு இம்முறை உங்களுக்கு வரும். கணினி அதிகம் பழகாதவர்களுக்கு இதுவே பிழை நேராத வழி என்பது என் கருத்து.

சில சர்வர்களிலிருந்து மின்னஞ்சல் ஒழுங்காகப் போய்ச் சேராது. ஸ்பாம் பெட்டியிலும் இல்லையென்றால், அதே வரிசையில் கடவுச்சொல் கட்டத்தில் இருப்பதை அழித்துப் புதிய கடவுச்சொல்லை எழுதி, பக்கத்தில் இருக்கும் ‘ஃபங்ஷன்’ பட்டியலில் எம்.டி.5 என்பதைத் தேர்ந்து சேமிக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்காமல் வெறும் எழுத்துகளை மட்டும் எழுதினால் கடவுச்சொல் வேலை செய்யாது. கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் முறைகளில் எம்.டி.5 பழையது, வலுக்குறைந்தது. ஆனால் நீங்கள் முதன்முறை நுழைந்ததும் வேர்ட்பிரஸ் அதைத் தன்னுடைய வலுவான முறைக்குத் தானே மாற்றிக்கொள்கிறது.

இந்த வேலைக்குக் கூலியாக யாருக்காவது ஐந்நூறோ ஆயிரமோ கொடுப்பதில் தவறில்லை. ஆனால் உங்கள் கண்முன், உங்கள் கணக்கில், உங்கள் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யை நீங்களே இட்டு நடக்கட்டும். ஹோஸ்டிங் கணக்கே வேண்டாம், எந்தத் தளத்தையும் உடைத்துத் திறப்பேன் என்று ஒருவர் சொன்னால் அவரை அண்ட விடாதீர்கள். அனுமதியின்றி இன்னொருவருடைய கணினி அமைப்புக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் கீழ் குற்றமாகக்கூடும். அந்த ஹோஸ்டிங் மதுரைக்காரர் பெயரில் இருந்தால் சிக்கல் உங்கள் தலையில் விழும்.

உள்ளே போனபின் உங்கள் பெயரில் புதிய நிர்வாகி கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதன் வழியாக நுழைந்து பழைய கணக்கை நீக்குங்கள். நீக்கும்போது, அந்தக் கணக்கின் பெயரில் உள்ள பக்கங்களை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். அவற்றை உங்கள் கணக்குக்கு மாற்றும்படி தேர்ந்தெடுங்கள். கவனிக்காமல் அழிக்கச் சொல்லிவிட்டால் மூன்று ஆண்டு உழைப்பும் சேர்ந்து அழிந்துவிடும். அமைப்புகள் பகுதியில் நிர்வாக மின்னஞ்சல் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதையும் மாற்றுங்கள். பணம் செலுத்தும் வசதி இருந்தால், பணம் எந்த வங்கிக் கணக்குக்குச் செல்கிறது என்பதை அன்றே பார்த்துவிடுங்கள்.

டொமைனும் ஹோஸ்டிங்கும் அவர் பெயரில் இருந்தால் வழி நீளும். அந்த நிறுவனங்கள் தங்கள் ஏட்டில் இருக்கும் வாடிக்கையாளரைத் தவிர வேறு யாரிடமும் கணக்கைக் கொடுக்க மாட்டா; அவ்விதி உங்களையும் காக்கும் விதிதான் என்பதால் கோபப்பட்டுப் பயனில்லை. தளத்தின் எல்லாப் பக்கங்களையும் படங்களையும் இப்போதே நகலெடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் பணம் கொடுத்த சான்றுகளோடு அவருடைய மின்னஞ்சலுக்கும் பழைய முகவரிக்குப் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டிலும் எழுதுங்கள். டாட் காம் பெயர் என்றால், பதிவுக் காலம் முடிந்தபின்னும் பதிவாளரைப் பொறுத்து 45 நாட்கள் வரை சலுகைக் காலம் உண்டு; அதன்பின் கூடுதல் கட்டணத்தோடு மீட்கும் காலம் 30 நாட்கள்; அதையடுத்து 5 நாட்களில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். அவர் புதுப்பிக்காமல் விட்டால் அந்தப் பெயரை நீங்களே வாங்க அது ஒரு வாய்ப்பு என்பதால் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகாரைப் பொறுத்தவரை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவையை விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருளை அந்த விலக்கிலிருந்து காப்பாற்றுகிறது; சேவையை அந்த விளக்கம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனாலும் பனை ஏறிக் கருப்பட்டி காய்ச்சும் உங்கள் குடும்பத்துக்கு அதே அளவுகோல் பொருந்த வேண்டும் என்று வாதிடலாம். மதுரைக்கு அலைய வேண்டியதில்லை; நீங்கள் வசிக்கும் மாவட்டமான ராமநாதபுரத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு முறை பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ராமேசுவரத்தில் விடுதி நடத்துகிறேன். ஆடி அமாவாசை முன்பதிவு தொடங்கும் நேரத்தில், எங்கள் தளத்தை அமைத்தவர் நிர்வாகி கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, இன்னும் 15,000 ரூபாய் தந்தால்தான் தருவேன் என்கிறார். பேசிய தொகை முழுவதையும் கொடுத்துவிட்டோம்.
— வாசகர், ராமேசுவரம்

பதில்: யாத்திரிகர்கள் திரளும் நாளைப் பார்த்து இப்படி நெருக்குவது அநியாயம். ஆனாலும் ஆத்திரத்தில் தொலைபேசியில் சண்டையிடாதீர்கள். அவர் கேட்பதை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியும் போதும். ஹோஸ்டிங் உங்கள் பெயரில் இருந்தால் மேலே சொன்ன முறையில் இன்றே மீட்டுவிட்டு, அவருடைய கணக்கை நீக்கிவிடலாம். அவர் பெயரில் இருந்தால், வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்புங்கள். அனுமதி பெற்ற ஒருவரைத் தடுத்து நிறுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வருகிறது. அது நேர்மையற்ற நோக்கத்தோடு செய்யப்பட்டிருந்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஊழியர்களை வைத்து நடத்தும் விடுதி என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் வணிக நோக்கம் என்ற எதிர்ப்பு வரக்கூடும். ஆகவே உங்களுக்கு அந்த வழியை நான் முதலாவதாகச் சொல்ல மாட்டேன்.

கூகுள் வரைபடத்தில் உங்கள் விடுதியின் பக்கம் யார் கணக்கில் இருக்கிறது என்பதையும் உடனே பாருங்கள். பலர் தளத்தின் மீது மட்டும் கண் வைத்து இதை மறந்துவிடுகிறார்கள். அதுவும் அவரிடம் இருந்தால், உரிமை கோரும் வசதி அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பதிவு தொலைபேசி எண் சரியாக இருந்தால் இந்த அமாவாசையை அதை வைத்தே கடந்துவிடலாம்.

கேள்வி: கீழக்கரையில் புதிதாகத் துணிக்கடை தொடங்கியிருக்கிறேன். தளம் செய்யக் கொடுக்குமுன் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?
— வாசகர், கீழக்கரை

பதில்: டொமைனையும் ஹோஸ்டிங்கையும் அவர் வாங்கித் தர விடாதீர்கள். உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில், நீங்களே வாங்குங்கள். வேண்டுமானால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டட்டும். முதல் ஆண்டுக்குக் காட்டும் தள்ளுபடி விலையைப் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டாம் ஆண்டில் புதுப்பிக்க எவ்வளவு என்று பாருங்கள். வித்தியாசம் இரண்டு மூன்று மடங்கு இருப்பதுண்டு. கடைசித் தவணையை, நீங்கள் நிர்வாகியாக ஒரு முறை நுழைந்து பார்த்து, முழு பேக்கப் கோப்பை உங்கள் பென் டிரைவில் வாங்கிக்கொண்ட பிறகு கொடுங்கள்.