குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால்

எட்டாம் மாதத்தில் நீங்கள் அழுததால் உங்கள் மகனின் மூளை கெட்டுப்போய்விடவில்லை. பெங்களூரு அல்சூரிலிருந்து நான்கு பக்கம் எழுதிக் கேட்டிருப்பது இதைத்தான் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் என்ற சுரப்பை அளந்து, கடிதத்தோடு இணைத்திருக்கும் அறிக்கையில் 'அதிகம்' என்பதைக் குறிக்கும் 'எச்' என்ற எழுத்து தடித்த அச்சில் இருக்கிறது. எந்த மருத்துவரும் எழுதித் தராமல், கர்ப்ப காலத்தில் நீங்களாகவே ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கொடுத்த இரத்தம் அது. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவு கர்ப்பமில்லாதவர்களுக்கு உரியது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நிம்மதியாக இருக்கும் தாய்க்குக்கூட இந்தச் சுரப்பு இரண்டு மூன்று மடங்கு உயரும். தாயின் கார்டிசாலில் பெரும்பகுதியை, குழந்தையை எட்டும் முன்பே, நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்துவிடும்.

நீங்கள் படித்துப் பயந்த லண்டன் பேராசிரியர் விவெட் குளோவரின் கட்டுரைகள் நல்ல ஆய்வுகள்தான். 2002-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதித் தாய்மாரைப் பற்றியது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் மிகக் கடுமையான பதற்றத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு, நான்கு வயதில் நடத்தைச் சிக்கல்கள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று அதில் கண்டார்கள். நீங்கள் 'இரு மடங்கு' என்ற சொல்லோடு நின்றுவிட்டீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்பதையும், தாயின் கார்டிசாலை வைத்து மட்டும் இதை விளக்கிவிட முடியாது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். கர்ப்பிணியை நன்றாகக் கவனியுங்கள் என்று குடும்பத்தாருக்கும் மருத்துவர்களுக்கும் சொல்லும் ஆய்வை, நள்ளிரவில் கைபேசியில் படித்துத் தன் மேல் பழி போட்டுக்கொண்ட எத்தனை தாய்மாரைத்தான் நான் பார்ப்பது!

முடி கொட்டுவது பிரசவமான மூன்றாம் மாதத்தில் இயல்பு, தானே நிற்கும். பால் குடிக்கும்போதே குழந்தை தூங்கிப்போவதும் இயல்பு. அசுவகந்தா மாத்திரையை மட்டும் இன்றே நிறுத்துங்கள். கார்டிசாலைக் குறைக்கும் என்று யாரோ காணொளியில் சொன்னதைக் கேட்டுப் பால் கொடுக்கும் தாய் விழுங்கலாமா? தைராய்டு சுரப்பை அது மாற்றக்கூடும். கல்லீரலைப் பாதித்ததாகவும் பதிவுகள் உண்டு.

இனி, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் நீங்கள் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருப்பதற்கு வருகிறேன். "அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நான் இல்லாவிட்டால் அவன் நன்றாக வளர்வான் என்று தோன்றுகிறது." கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்த இரண்டு வரிகளைத்தான்.

பிரசவமான முதல் இரண்டு வாரங்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானே அடங்கிவிடும். உங்களுக்குப் பதினொரு வாரம் ஆகிவிட்டது. கைக்குழந்தை உள்ள வீட்டில் தூக்கம் கெடத்தான் செய்யும் என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகும், சுழலும் மின்விசிறியைப் பார்த்தபடி விடியும்வரை படுத்திருப்பது வெறும் அலுப்பு அல்ல. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய் இப்படித்தான் தலைகாட்டும். இந்த நோய் இருக்கிறதா என்று அறிய உதவும், 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோலில் பத்துக் கேள்விகள் உண்டு. தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது பத்தாவது. மற்ற ஒன்பதுக்கும் என்ன பதில் வந்தாலும், இதற்கு ஆம் என்று சொன்ன தாயிடம் அன்றே உட்கார்ந்து பேசாமல் நாங்கள் அனுப்ப மாட்டோம்.

இன்றிரவே அந்த இரண்டு வரிகளைக் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். நாளையே ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போங்கள். தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்துச் சிகிச்சை தரும் பிரிவு அங்கே இருக்கிறது. பாலை நிறுத்தச் சொல்வார்களோ என்று பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கும். தைராய்டும் இரத்தசோகையும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் எண்ணம் வலுத்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். யாரும் இல்லாதபோது குரல் கேட்டாலோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான். மருத்துவமனை போய்ச் சேரும்வரை வீட்டார் உங்களைத் தனியே விடக் கூடாது.

போகும்போது குழந்தையையும் தூக்கிக்கொள்ளுங்கள், மாமியாரும் உடன் வரட்டும். கார்டிசால் அறிக்கை வீட்டிலேயே கிடக்கட்டும்.