காணும் பொங்கலும் கட்டுச்சோறும்

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி ஏதாவதொரு கடற்கரை விடுதிக்குப் போவோம். இம்முறை வேடந்தாங்கலில் பறவைகளைப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடலாம் என்றேன். மொத்தம் முப்பது பேர். “பண்டிகைக்குக் கொண்டாட்டம் வேண்டாமா, பாடம் நடத்தப்போகிறீர்களா?” என்கிறார்கள் சிலர். எனக்கே தயக்கமாக இருக்கிறது. போகலாமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

தயங்காமல் போங்கள். நீங்கள் புதிதாக எதையும் புகுத்தவில்லை. கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரைக்குப் போய், நாலு வீட்டுச் சோற்றையும் பகிர்ந்து உண்டு திரும்புவதுதானே காணும் பொங்கல்!

கொண்டாட்டம் எப்படி என்பதை வேடந்தாங்கல் ஊர்க்காரர்களிடமே கேட்கலாம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காதவர்கள் அவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இல் எழுத்தில் பாதுகாப்பு வாங்கினார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏரி இடம்பெற்றது 2022-இல்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தாருடன் அங்கே போயிருந்தேன். பறவைகள் எழும்பும் படம் வேண்டுமென்று ஒருவர் கரையில் நின்று ஓங்கிக் கைதட்டினார். பக்கத்து மரங்கள் மூன்றும் ஒரே நொடியில் காலியாகிவிட்டன. கூடுகளில் குஞ்சுகள் மட்டும் வெயிலில் கழுத்தை நீட்டியபடி கிடந்தன. காகம் ஒன்று மெல்ல வந்து அடுத்த கிளையில் அமர்ந்தது. அந்தக் காட்சி இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆகவே, வேனிலிருந்து இறங்குவதற்கு முன்பே எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

காணும் பொங்கலன்று போகாதீர்கள், கூட்டம் நெரியும். அந்த வாரத்திலேயே வேறொரு நாள், வெயில் ஏறும் முன் போய்ச் சேருங்கள். ஐந்தாறு பேராகப் பிரிந்து நடங்கள். பெயர்ப் பட்டியலை நிரப்பும் அவசரம் வேண்டாம். ஒரே ஒரு கூட்டைக் கால் மணி நேரம் பாருங்கள். கூழைக்கடாவின் குஞ்சு, பெற்ற பறவையின் அலகுக்குக் கீழே தொங்கும் பைக்குள் தலையையே நுழைத்து மீனை எடுக்கும். நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும்; குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இராது, வளர வளரத்தான் வரும். இதை நேரில் பார்த்தவர் யாரும் பாடம் நடத்தினார்கள் என்று சொல்லமாட்டார்.

சாப்பாட்டை ஏரிக்கரையில் விரிக்காதீர்கள். வெளியே வந்து, ஊராரிடம் கேட்டு ஒரு மர நிழலில் உட்காருங்கள். யார் எதைக் கொண்டுவருவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். புளியோதரை மதியம் வரை தாங்கும். தேங்காய்ச் சட்னி உச்சிவெயிலுக்குள் கெட்டுவிடும். தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய விட்டு, தயிரைக் கொஞ்சமாகக் கலந்தால் மதியத்துக்குள் பக்குவமாக உறைந்திருக்கும். இலைகளையும் மிச்சத்தையும் அங்கே போடாமல் திரும்ப எடுத்து வாருங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். உங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மாக்களையும் காவலாளிகளையும் அழைத்துப் போங்கள். வேன் ஓட்டுபவரும் அதே பந்தியில் உட்காரட்டும். பைனாகுலர் முதலில் அவர்கள் கைக்குப் போகட்டும். அலகின் இடைவெளியை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள்.